குடும்பக் காரில் சைக்கிளும் வர வேண்டும்: வாங்கும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனி, ஞாயிறுகளில் ஈ.சி.ஆரிலும் ஏலகிரியிலும் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் கார் வாங்கக் கிளம்பும்போது கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். பதில்கள் இந்தியச் சாலைகளில் ஓடும் கார்களை வைத்துச் சொல்லப்பட்டவை. ஒரே காரின் வேரியன்ட்டுகளுக்குள்ளேயே சீட் அமைப்பு மாறும் என்பதால், நீங்கள் வாங்கப்போகும் வேரியன்ட்டில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சைக்கிள் ஏத்தணும்னா எந்தக் கார் நல்லது? ஒரே பேரா சொல்லுங்களேன்.

ஒரே பெயர் சொல்ல முடியாது. முதலில் நீங்கள் இரண்டு எண்களைச் சொல்ல வேண்டும்: ஒரே பயணத்தில் எத்தனை பேர் உட்காருவீர்கள், எத்தனை சைக்கிள் வரும். இரண்டு பேர், இரண்டு சைக்கிள் என்றால் பின்சீட் மடங்கும் எந்த ஹேட்ச்பேக்கும் போதும். நான்கு பேர், இரண்டு சைக்கிள் என்றால் மூன்று வரிசை சீட் உள்ள கார் வேண்டும்; இல்லையென்றால் சைக்கிளை வெளியே மாட்ட வேண்டும். நான்கு பேர், நான்கு சைக்கிள் என்றால் எவ்வளவு பெரிய கார் வாங்கினாலும் எல்லாம் உள்ளே போகாது.

வருடத்தில் அதிகமாக எந்தக் கணக்கு வருகிறதோ அதற்கு ஏற்ற காரை வாங்குங்கள். எப்போதாவது வரும் கணக்கைச் சமாளிக்க வேறு வழிகள் இருக்கின்றன, கீழே வருகின்றன.

டிக்கி 400 லிட்டர்னு போட்டிருக்காங்க. அது போதாதா?

லிட்டர் கணக்கை நம்பி முடிவெடுக்காதீர்கள். அது கொள்ளளவு மட்டும்தான். சைக்கிள் நீளமாக, தட்டையாக, கோணல்மாணலாக இருக்கும் பொருள். கயிற்றுக் கட்டில் மாதிரி: கனம் கொஞ்சம்தான், ஆனால் வாசலில் நுழைய மறுக்கும். 500 லிட்டர் டிக்கி உள்ள செடானில் போகாத சைக்கிள், 350 லிட்டருக்கும் குறைவான வேகன் ஆரில் பின்சீட்டை மடக்கினால் போய்விடும்.

சீட் எந்த நிலையில் இருக்கும்போது சொன்ன லிட்டர் என்பதையும் பாருங்கள். எர்டிகாவுக்கு மூன்று வரிசையும் நிமிர்ந்திருக்கும்போது 209 லிட்டர், மூன்றாம் வரிசை மடங்கினால் 550, இரண்டாம் வரிசையும் மடங்கினால் 803. ட்ரைபருக்கு ஏழு சீட்டும் இருக்கும்போது 84 லிட்டர். மூன்றாம் வரிசையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டால் 625. ஒரே கார்தான், எண்கள் இப்படி மாறுகின்றன.

அப்போ எதைத்தான் அளக்கணும்?

காரில் ஐந்து அளவுகள்: டிக்கி வாசலின் மிகக் குறுகலான அகலம், வாசலின் உயரம், தரையில் வாசல் விளிம்பிலிருந்து முன்னால் நிமிர்ந்திருக்கும் சீட்டின் முதுகு வரை நீளம், பின்சக்கர வளைவுகளுக்கு இடைப்பட்ட அகலம், தரையிலிருந்து கூரை வரை உயரம். முக்கால்வாசிப் பேர் கடைசி மூன்றை அளந்துவிட்டு முதல் இரண்டை விட்டுவிடுகிறார்கள். தகராறு வருவது அந்த வாசலில்தான். உள்ளே இடம் இருக்கும், உள்ளே நுழைக்க வழி இருக்காது.

சைக்கிள் பக்கம்: 700சி சக்கரம் போட்ட ரோடு பைக் முழு நீளம் 170 சென்டிமீட்டர் சுமாருக்கு வரும். முன்சக்கரத்தைக் கழற்றினால் 140 முதல் 145. இரண்டையும் கழற்றினால் 100 முதல் 110. 29 அங்குலச் சக்கர எம்டிபி (மலைப்பாதைச் சைக்கிள்) முழுசாக 180 முதல் 190 வரை போகும். அதன் ஹேண்டில்பார் மட்டுமே 70 சென்டிமீட்டருக்கு மேல் அகலம். ரோடு பைக்கில் அது 40 முதல் 44தான். 29 அங்குலச் சக்கரம் டயரோடு 73 சென்டிமீட்டருக்கு மேல் விட்டம். தனியாகக் கழற்றினாலும் வைக்க இடம் வேண்டும். உங்கள் சைக்கிளை நீங்களே அளந்து ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். ஃபிரேம் சைஸுக்கு ஏற்ப இவை மாறும்.

டேப்போட ஷோரூமுக்குப் போறதா? சைக்கிளையே கொண்டு போகலாமா?

சைக்கிளையே கொண்டு போங்கள். காலையில் கூட்டம் இல்லாத நேரத்தில், முன்கூட்டியே போனில் சொல்லிவிட்டு, ஒரு பழைய ஜமுக்காளத்தோடு போனால் பெரும்பாலான விற்பனையாளர்கள் மறுப்பதில்லை. டெஸ்ட் டிரைவ் வண்டியில் ஏற்றிப் பாருங்கள். காட்சிக்கு நிற்கும் புது வண்டியில் கிரீஸ் பட்டால் இருவருக்கும் சங்கடம்.

அங்கே கவனிக்க இரண்டு விஷயங்கள். ஓட்டுநர் சீட்டை உங்கள் வீட்டில் உயரமானவர் உட்காரும் அளவுக்குப் பின்னால் தள்ளிவிட்டு அப்புறம் அளக்க வேண்டும். சீட் முன்னால் இருக்கும்போது எடுத்த அளவு வீட்டுக்கு வந்ததும் 10, 15 சென்டிமீட்டர் சுருங்கிவிடும். அடுத்து, டெஸ்ட் டிரைவுக்கு வருவது பெரும்பாலும் உச்ச வேரியன்ட். அதில் 60:40 ஆகப் பிரிந்து மடங்கும் பின்சீட், நீங்கள் வாங்கும் கீழ் வேரியன்ட்டில் ஒரே பலகையாக மடங்கலாம். முழுப் பலகையாக மடங்கினால் பின்னால் ஒருவர்கூட உட்கார முடியாது.

முன்சக்கரத்தை மட்டும் கழட்டினா போதுமா?

மூன்று வரிசைக் காரிலும், பின்சீட் மடக்கிய ஹேட்ச்பேக்கிலும் பெரும்பாலும் போதும். முன்சக்கரத்தைக் கழற்றி, சீட் போஸ்ட்டை (சைக்கிள் சீட்டைத் தாங்கும் கம்பியை) இறக்கி அல்லது உருவி, ஹேண்டில்பாரைத் திருப்பி, சைக்கிளைப் படுக்க வைத்தால் சுமார் 140க்கு 90 சென்டிமீட்டர் இடம் கேட்கும். சக்கர வளைவுகளுக்கு இடையே பல கார்களில் ஒரு மீட்டருக்குச் சற்று முன்பின் கிடைக்கும். சீட் போஸ்ட்டை உருவும் முன் அது நின்ற உயரத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் இறங்கிய இடத்தில் சீட் உயரத்தைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

பின்சக்கரத்தையும் கழற்றுவது கடைசி வழி. செயின் தொங்கும், கியர் மாற்றும் டெரெய்லியர் தரையில் இடிக்கும், கை கறுக்கும். தினமும் செய்கிற வேலையில்லை.

எங்க சைக்கிள்ல நட் போட்ட சக்கரம்தான். அதைக் கழட்டலாமா?

கழற்றலாம். 15 மில்லிமீட்டர் ஸ்பானர் பெரும்பாலான நட்டுகளுக்குப் பொருந்தும். சில முன் ஆக்சிலுக்கு 14 அல்லது 13 வேண்டியிருக்கும். அதே 15 ஸ்பானர் மெல்லியதாக இருந்தால் பெடலுக்கும் உதவும். இடது பெடலின் மரை தலைகீழ்: கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். வலுவாக எதிர்த்திசையில் திருகினால் இறுகிக்கொண்டே போகும்.

ஹேட்ச்பேக்ல ரெண்டு சைக்கிள் போகுமா?

பின்சீட்டை முழுதாக மடக்கினால் போகும். வேகன் ஆர் போன்ற உயரமான ஹேட்ச்பேக்கில் எளிது. வாசல் உயரம் கைகொடுக்கும். ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்க வையுங்கள். கீழே வைக்கும் சைக்கிளின் செயின் பக்கம் மேலே பார்க்க வேண்டும். நடுவே தடித்த போர்வை. மேலே வைக்கும் சைக்கிளை எதிர்த்திசையில், அதாவது ஒன்றின் ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) முன்னால் என்றால் மற்றதன் ஃபோர்க் பின்னால் இருக்கும்படி வைத்தால் ஹேண்டில்பார்கள் மோதாது.

பின்சீட் மடங்கியதும் டிக்கித் தரைக்கும் சீட் முதுகுக்கும் நடுவே படி மாதிரி உயரம் வந்தால், ஃபிரேமின் எடை அந்த முனையில் தாங்கும். அந்த இடத்தில் ஒரு பழைய தலையணையைத் திணியுங்கள். 60:40 சீட் இருந்தால் ஒரு சைக்கிளும் பின்னால் ஒருவரும் போகலாம். அவருக்குக் கிடைப்பது நடு சீட் என்றால் அதன் பெல்ட் தோளுக்கும் வருகிறதா, இடுப்புக்கு மட்டுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

செடான் வெச்சிருக்கோம். வழியே இல்லையா?

பல செடான்களில் பின்சீட் முதுகு மடங்காது. மடங்காவிட்டால் முழு சைக்கிளை உள்ளே வைப்பது நடக்காது. சக்கரங்களை டிக்கியிலும் ஃபிரேமைப் பின்சீட்டிலும் வைக்கலாம், ஓட்டுநரோடு ஒருவர் மட்டும் போகும் பயணமாக இருந்தால். ஸ்லாவியா, விர்டஸ் போன்றவற்றில் 60:40 மடங்கும் சீட் உண்டு. அங்கேயும் டிக்கிக்கும் அறைக்கும் நடுவே உள்ள திறப்பை அளந்துவிட்டு நம்புங்கள். சைக்கிளுக்காகவே புதிதாக வாங்குவதாக இருந்தால் செடானைத் தவிர்த்துவிடுவதே நல்லது.

நாலு பேர், ரெண்டு சைக்கிள். ட்ரைபரா, எர்டிகாவா, கேரன்ஸா, இன்னோவாவா?

பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் ட்ரைபரை முதலில் பாருங்கள். நான்கு மீட்டருக்குள் அடங்கும் காரில் மூன்றாம் வரிசை சீட்டுகளை மொத்தமாகக் கழற்றி வெளியே எடுத்துவிடலாம் என்பது சைக்கிள்காரர்களுக்குப் பெரிய வசதி. மடங்கிய சீட் தரையை உயர்த்தும். கழற்றிய சீட் உயர்த்தாது. அதனால் உள்ளே உயரம் கூடக் கிடைக்கிறது. இரண்டாம் வரிசையும் முன்னால் நகரும். நீளம் குறைவு என்பதால் பெரிய ஃபிரேமுக்கு இரண்டு சக்கரத்தையும் கழற்ற வேண்டி வரலாம். இதைக் கட்டாயம் ஏற்றிப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

எர்டிகா சுமார் 4.4 மீட்டர் நீளம், கேரன்ஸ் சுமார் 4.5. இரண்டிலும் மூன்றாம் வரிசை இரண்டு துண்டாகத் தனித்தனியே மடங்கும். நான்கு பேரும் இரண்டு வரிசையில் உட்கார்ந்துவிட்டால் பின்னால் இரண்டு சைக்கிள், சக்கரம் கழற்றிய நிலையில் படுக்கும். ஒருவர் மட்டும் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து, பக்கத்துப் பாதியை மடக்கிச் சைக்கிளை வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்க முடியும், அந்த ஒருவர் பக்கத்தில் செயினும் பல்சக்கரமும் இருக்கும். குழந்தையை அங்கே உட்கார வைக்காதீர்கள்.

இன்னோவா என்றால் எந்த இன்னோவா என்பது முக்கியம். கிரிஸ்டாவில் மூன்றாம் வரிசை பக்கவாட்டில் மேலே மடங்கி இரண்டு சுவரிலும் நிற்கும். தரை நீளம் தாராளமாகக் கிடைக்கும், அகலம் போய்விடும். எனவே அதில் சைக்கிளைப் படுக்க வைப்பதைவிட நிமிர்த்தி வைப்பதே பொருந்தும். ஹைகிராஸில் மூன்றாம் வரிசை தரையோடு தட்டையாக மடங்குவதால் அகலம் மிஞ்சுகிறது. ஆறு சீட் மாடல்களில் நடு வரிசை இரண்டு தனிச் சீட்டாக இருக்கும். நடுவிலுள்ள இடைவெளியில் ஃபோர்க்கின் முனையை நீட்டி வைத்தால் நீளப் பிரச்சினை தீரும். ஆனால் அந்தத் தனிச் சீட்டுகள் சில கார்களில் முழுதாக மடங்காது என்பதால், ஆளில்லாத நாளில் நீண்ட சாமான் ஏற்ற அவை உதவாது.

நிமிர்த்தி வைக்கிறதுன்னா எப்படி? சாயாதா?

18 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை ஒன்றை டிக்கியின் அகலத்துக்கு வெட்டி, அதன்மேல் ஃபோர்க் பிளாக் எனப்படும் பிடிகளைத் திருகிவிட்டால் சைக்கிள் முன்சக்கரமில்லாமல் தன்னால் நிற்கும். இரண்டு பிடிக்கும் நடுவே 30 சென்டிமீட்டராவது விட்டு, ஒரு சைக்கிளைக் காரின் முன்பக்கம் பார்த்தும் மற்றதைப் பின்பக்கம் பார்த்தும் நிறுத்துங்கள். நெம்பைத் திருப்பினால் சக்கரம் கழலும் குயிக் ரிலீஸ் ஃபோர்க்குக்கு 100 மில்லிமீட்டர் பிடி. புதிய டிஸ்க் பிரேக் சைக்கிள்களில் 12 அல்லது 15 மில்லிமீட்டர் த்ரூ ஆக்சில் (ஃபோர்க்கின் ஊடாகச் செருகும் தடித்த அச்சு) வரும். அதற்கான பிடி வேறு, பழையது சேராது. பலகையைச் சரக்குக் கொக்கிகளில் கட்டாவிட்டால் பலகையோடு சேர்ந்து சைக்கிள் நகரும். இந்த முறைக்குத் தரையிலிருந்து கூரைவரை, சீட் போஸ்ட் உருவிய பிறகும், சுமார் 90 சென்டிமீட்டர் வேண்டும். வாசல் உயரத்தை மறுபடி அளந்துகொள்ளுங்கள்.

சி.என்.ஜி. எடுத்தா மைலேஜ் நல்லா வரும். சைக்கிளுக்கு இடம் இருக்குமா?

எர்டிகா சி.என்.ஜி.யில் மூன்றாம் வரிசைக்குப் பின்னால் 60 லிட்டர் சிலிண்டர் உட்கார்ந்திருக்கும். சீட்டை மடக்கினாலும் பின்னால் அந்த மேடு நிற்கும்; சமதளம் கிடைக்காது. சிறிய கார்களில் டிக்கி முழுவதையும் சிலிண்டர் பிடித்துக்கொள்ளும். டாடாவின் பஞ்ச், அல்ட்ராஸ் போன்றவற்றில் இரண்டு சிறிய சிலிண்டர்களைத் தரைக்கு அடியில் வைக்கிறார்கள். இதில் டிக்கி பயன்படும், ஆழம் குறையும். சைக்கிளை உள்ளே வைப்பதுதான் உங்கள் திட்டம் என்றால் பெட்ரோல், டீசல் மாடலைப் பாருங்கள். சி.என்.ஜி.தான் வேண்டும் என்றால் சைக்கிள் வெளியே மாட்டப்படும் என்று எண்ணியே வாங்குங்கள்.

உள்ள வெச்சா சடன் பிரேக்ல முன்னாடி வந்து அடிக்காதா?

கட்டாமல் வைத்தால் வரும். 12 கிலோ சைக்கிள் திடீர் நிறுத்தத்தில் சீட் முதுகில் மோதும் விசை அதன் எடையைப் போலப் பல மடங்கு. டிக்கியில் உள்ள சரக்குக் கொக்கிகளிலோ, அவை இல்லாவிட்டால் மடங்கிய சீட்டின் ஐசோஃபிக்ஸ் கம்பிகளிலோ (குழந்தை இருக்கையை மாட்டுபவை) 25 மில்லிமீட்டர் பட்டையால் இரண்டு இடத்தில் கட்டுங்கள்: ஒன்று ஃபிரேமின் பெடல் மையத்துக்குப் பக்கத்தில், மற்றது பின்சக்கரத்தில். ரப்பர் கயிறு போதாது, நீண்டு கொடுக்கும். கழற்றிய சக்கரத்தையும் கட்டுங்கள். அதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். பக்கவாட்டுத் திரை ஏர்பேக் உள்ள காரில் ஹேண்டில்பாரை ஜன்னலுக்கும் தூணுக்கும் நெருக்கி வைக்காதீர்கள்.

கார்ல ஏத்தி இறக்கினதும் கியர் சரியா விழல, பிரேக் பிடிச்சுக்குது. ஏன்?

கியர் பிரச்சினைக்குக் காரணம் டெரெய்லியர் தொங்கும் ஹேங்கர் வளைந்தது. அது அடிபட்டால் வளையும்படியே செய்யப்பட்ட மெல்லிய அலுமினியத் துண்டு. செயின் பக்கம் கீழே வைத்தால், அல்லது மேலே இன்னொரு சைக்கிள் அழுத்தினால், சில மில்லிமீட்டர் வளைவே போதும். ஏற்றும் முன் பின்னால் மிகப் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினால் டெரெய்லியர் உள்ளே ஒதுங்கும். உங்கள் மாடலுக்கான உதிரி ஹேங்கர் ஒன்றைப் பையில் வைத்திருங்கள். சைக்கிளுக்குச் சைக்கிள் அது வேறுபடும், வழியில் கிடைக்காது.

பிரேக் பிரச்சினை எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க்கில் வரும். சக்கரம் இல்லாதபோது யாராவது பிரேக் லீவரை அழுத்திவிட்டால் பேடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். திரும்ப டிஸ்க் நுழையாது. சக்கரத்தைக் கழற்றிய உடனே பேடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் துண்டு, இல்லாவிட்டால் நான்காக மடித்த அட்டையைச் செருகுங்கள். தலைகீழாக நீண்ட நேரம் கிடந்தால் எண்ணெய்த் தொட்டியில் உள்ள காற்று குழாய்க்குள் இறங்கி லீவர் தொளதொளவென்று ஆகலாம். நிமிர்த்தி வைத்துப் பலமுறை அழுத்தினால் பெரும்பாலும் சரியாகும். ஆகாவிட்டால் பிளீடு செய்ய, அதாவது குழாயிலுள்ள காற்றை வெளியேற்ற வேண்டும்.

மேல ரூஃப் ரெயில் இருக்கு. அதுல நேரா மாட்டிடலாமா?

பல கார்களில் அந்த ரெயில் அழகுக்கு ஒட்டிய பிளாஸ்டிக். எடை தாங்காது. கையேட்டில் கூரைச் சுமை எவ்வளவு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்; எழுதியிருக்கவில்லை என்றால் தாங்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ட்ரைபர், கைகர், மேக்னைட் போன்றவற்றுக்கு 50 கிலோ என்று தயாரிப்பாளர்களே சொல்லியிருக்கிறார்கள். ஜிம்னியில் கூரையோரம் மழைநீர்க் காடி இருப்பதால் அதைப் பிடிக்கும் கிளாம்பு போடலாம்.

அந்த 50 கிலோவில் குறுக்குக் கம்பிகளும் சைக்கிள் தட்டுகளும் சேர்த்திதான். கம்பிகள் இரண்டும் சேர்ந்து 6 கிலோ, தட்டு ஒன்று 4 கிலோ என்று வையுங்கள். இரண்டு சைக்கிளுக்கு 50இல் 14 போக 36 கிலோ மிச்சம். ஒன்று 18 கிலோவரை இருக்கலாம். மூன்று சைக்கிளுக்கு 50இல் 18 போக 32. ஒன்று 10 கிலோவுக்குச் சற்றே மேல். சாதாரண ஹைப்ரிட் சைக்கிள் 12 முதல் 14 கிலோ. ஆகவே மூன்று என்பது நல்ல ரோடு பைக்குகளுக்கு மட்டும்தான். தட்டுக்கும் தனி வரம்பு உண்டு. தூலே புரோரைடு 598 மாடலில் அது 20 கிலோ.

கூரையில் ஏற்றுபவர் யார் என்றும் யோசியுங்கள். 14 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கி, ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் கிளாம்பை இறுக்க வேண்டும். ஸ்கார்பியோ உயரத்துக்கு அது ஒருவரால் ஆகிற வேலையில்லை.

சன்ரூஃப் உள்ள மாடல்ல ரூஃப் கேரியர் போடலாமா?

சிறிய சன்ரூஃப் உள்ளே நகரும் வகை என்றால், கம்பி அதற்கு மேல் வராதபடி வைக்கலாம். வெளியே எழும்பிப் பின்னால் போகும் பெரிய கண்ணாடி, கம்பியில் மோதும். சைக்கிள் இருக்கும்வரை அதைத் திறக்கக் கூடாது. சைக்கிள் ஏற்றுவது உறுதி என்றால் சன்ரூஃப் இல்லாத வேரியன்ட்டை வாங்கி, அந்தப் பணத்தில் நல்ல கேரியர் வாங்குங்கள்.

டிக்கிக் கதவுல பெல்ட் போட்டுக் கட்டற கேரியர் விலை கம்மியா இருக்கே?

எடை குறைவு, ஏற்றுவது எளிது, வேண்டாதபோது கழற்றி அலமாரியில் வைக்கலாம். எப்போதாவது போகிறவர்களுக்கு இது ஏற்றது. ஆனால் எல்லாக் காருக்கும் பொருந்தாது. கொக்கிகள் டிக்கிக் கதவின் உலோக விளிம்பைப் பிடிக்க வேண்டும். மேலே பிளாஸ்டிக் ஸ்பாய்லர் நீட்டிக்கொண்டிருந்தால் பட்டை அதன்மேல் அழுந்தி உடைக்கும். எடை வரம்பும் உண்டு. சாரிஸ் போன்ஸ் என்ற பெல்ட் கேரியரில் ஒரு சைக்கிளுக்குச் சுமார் 16 கிலோ. 20 கிலோவைத் தாண்டும் பழைய இரும்பு சைக்கிளை இதில் மாட்டாதீர்கள்.

பட்டைகள் முதல் 10 கிலோமீட்டரில் தளரும். அங்கே நிறுத்தி இறுக்குங்கள். பிறகு டீக்கு நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் கையால் ஆட்டிப் பாருங்கள். கேரியரின் ரப்பர் பாதத்துக்கும் பெயின்ட்டுக்கும் நடுவே மணல் இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி ஆகிவிடும். மாட்டும் முன் கதவைத் துடைத்துவிடுங்கள். புகைபோக்கிக்கு நேரே டயர் தொங்கக் கூடாது. சூட்டில் ரப்பர் உருகும். தார், ஜிம்னி போல ஸ்டெப்னி பின்கதவில் இருக்கும் வண்டிகளுக்கு ஸ்டெப்னியில் மாட்டும் கேரியர் தனியாக உண்டு.

போலீஸ் பிடிப்பாங்களா? சட்டம் என்ன சொல்லுது?

கேரியர் வைப்பதல்ல சிக்கல், நீட்டிக்கொண்டிருப்பதும் மறைப்பதும்தான். மோட்டார் வாகனச் சட்டம் 1988இல் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 194(1ஏ) பிரிவு, சுமை அனுமதித்த அளவைத் தாண்டிப் பக்கவாட்டிலோ முன்னாலோ பின்னாலோ உயரத்திலோ நீண்டால் 20,000 ரூபாய் அபராதம் என்கிறது. பின்கதவில் குறுக்காக மாட்டும் சைக்கிளுக்கு இது நேரடியாகப் பொருந்தும். வேகன் ஆரின் அகலம் 162 சென்டிமீட்டர். 185 சென்டிமீட்டர் எம்டிபி மாட்டினால் இரண்டு பக்கமும் 11 சென்டிமீட்டருக்கு மேல் வெளியே நிற்கும். பக்கத்தில் உரசிப்போகும் பைக்குக்கு அது ஆபத்து. முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டால் நீட்டம் போய்விடும்.

பின் எண்பலகையும் பின்விளக்கும் முழுதாகத் தெரிய வேண்டும். உயர் பாதுகாப்பு எண்பலகைக்குப் பதிலாக ஸ்டிக்கர் அடித்துச் சைக்கிளில் தொங்கவிடுவது தீர்வல்ல. கேரியரை உயர்த்தி மாட்டுங்கள், அல்லது எண்பலகையை மறைக்காத வேறு வகையைத் தேடுங்கள்.

சேஸிஸ்ல ஹிட்ச் (பின்னால கேரியர் மாட்டுற இரும்புப் பிடி) வெல்டிங் பண்ணித் தர்றேன்னு சொல்றாங்க. பண்ணலாமா?

வெல்டிங் வேண்டாம். சேஸிஸில் சூடு வைத்தால் அந்த இடத்தின் வலு மாறும், வாரண்டி போகும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கும் தயாரிப்பாளரின் அமைப்புக்கும் மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. விபத்து என்று வந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் இதைத்தான் கேட்கும். கழற்றி மாட்டக்கூடிய கேரியரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கூரையில சைக்கிள் வெச்சு மலை ஏறலாமா?

ஏறலாம், நிதானமாக. ஏலகிரியில் 14, கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். கூரையில் 30 கிலோ இருந்தால் வண்டி வளைவில் வழக்கத்தைவிடச் சாயும்; கேரியர் இல்லாத நாளின் வேகத்தில் திருப்பாதீர்கள். சமவெளி நெடுஞ்சாலையிலும் வெளியே சைக்கிள் இருக்கும்போது 80, 90க்கு மேல் வேண்டாம். வேகத்தடையில் கூரைச் சைக்கிள் முழு எடையோடு குதிக்கும், அங்கே இன்னும் மெதுவாக.

உயரத்தை எழுதி டேஷ்போர்டில் ஒட்டுங்கள். 169 சென்டிமீட்டர் உயர எர்டிகாவில் சைக்கிள் நிமிர்ந்து நின்றால் மொத்தம் 2.7, 2.8 மீட்டர். அடுக்குமாடி வீட்டின் தரைக்கீழ் பார்க்கிங் பலவற்றில் 2.1 முதல் 2.4 மீட்டர்தான். அசதியோடு வீடு திரும்பும்போது மறந்து உள்ளே ஓட்டினால் சைக்கிள், கேரியர், கூரை மூன்றும் சேர்ந்து போகும். ரயில்வே சுரங்கப்பாதைகளின் உயரத் தடுப்புக் கம்பியையும் பாருங்கள்.

எங்க குழந்தைங்க சைக்கிளையும் சேர்த்து நாலு. என்ன செய்யலாம்?

கலந்து வையுங்கள். 16 அங்குலச் சக்கரச் சைக்கிள் சுமார் 115 சென்டிமீட்டர், 20 அங்குலம் 130 முதல் 140. இவை முன்சக்கரத்தைக் கழற்றி, பெடலை எடுத்துவிட்டு, மூன்றாம் வரிசை மடக்கிய இடத்தில் படுக்கும். பெரியவர்களின் இரண்டும் வெளியே. சின்ன சைக்கிளைப் பெல்ட் கேரியரில் மாட்டுவது கஷ்டம். மேல்குழாய் சரிந்திருப்பதால் கேரியரின் கைகளில் நிற்காது. ஹேண்டில்பாருக்கும் சீட் போஸ்ட்டுக்கும் நடுவே போடும் குறுக்குக் கம்பி தனியாக விற்கிறது. பெண்கள் சைக்கிளுக்கும் அதுவே வழி.

கார்பன் ஃபிரேம், எலெக்ட்ரிக் சைக்கிள்: ஏதாவது தனி விதி?

கார்பன் ஃபிரேமின் குழாயை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பில் மாட்டாதீர்கள். ஒரு புள்ளியில் அழுத்தினால் உள்ளே விரிசல் விழும், வெளியே தெரியாது. ஃபோர்க்கையோ சக்கரத்தையோ பிடிக்கும் தட்டு வேண்டும். எலெக்ட்ரிக் சைக்கிள் 20 முதல் 25 கிலோ. கூரையும் பெல்ட் கேரியரும் பெரும்பாலும் ஒத்துவராது, உள்ளேதான். பேட்டரியைக் கழற்றித் தனியாக வையுங்கள், வெயிலில் மூடி நிற்கும் காரில் விட்டுப் போகாதீர்கள்.

வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவைதான் வெளியூர் கொண்டு போவோம். அதுக்குப் பெரிய கார் வாங்கணுமா?

வேண்டாம். வாரம் முழுக்க அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் ஓடும் வண்டியை வாங்குங்கள். சைக்கிளுக்குப் பெல்ட் கேரியர் போதும். மடக்கு சைக்கிளும் ஒரு வழி. பிராம்ப்டன் மடங்கினால் 58.5க்கு 56.5க்கு 27 சென்டிமீட்டர்; எந்தச் செடான் டிக்கியிலும் போகும், விலைதான் அதிகம். டெகத்லான் போன்ற கடைகளில் 20 அங்குல மடக்கு சைக்கிள் அதைவிட மிகவும் குறைவான விலைக்குக் கிடைக்கும், மடங்கிய பின் சற்றுப் பெரிதாக இருக்கும். ரயிலில் பார்சலாகவும் அனுப்பலாம். புதுச்சேரி போல வாடகைக்குச் சைக்கிள் கிடைக்கும் ஊருக்குப் போனால், கொண்டு போகும் வேலையே இல்லை.

வழியில சாப்பிட நிறுத்தினா திருட்டு பயம். இன்சூரன்ஸ் வருமா?

கார் பாலிசி பொதுவாகக் காரையும் அதில் அறிவித்த உபகரணங்களையும்தான் பார்க்கும். மேலே மாட்டிய சைக்கிள் உங்கள் சொந்தப் பொருள். அதற்கு இழப்பீடு வேண்டும் என்றால் தனி காப்பீடோ கூடுதல் இணைப்போ வேண்டும், வாங்கும் முன் "காருக்கு வெளியே மாட்டியிருக்கும்போது பொருந்துமா?" என்று எழுத்தில் கேளுங்கள். கேரியரையும் பாலிசியில் உபகரணமாகக் குறிப்பிடச் சொல்லுங்கள்.

கேரியரோடு வரும் பூட்டு, சைக்கிளைக் கேரியரோடுதான் சேர்க்கும்; பட்டையை அறுத்தால் கேரியரோடு எடுத்துப் போவார்கள். ஒரு நீண்ட கேபிளைச் சைக்கிள்களுக்குள் நுழைத்து, காருக்குள் சீட்டின் கம்பியைச் சுற்றிவந்து பூட்டி, கதவை அதன்மேல் மூடுங்கள். சாப்பிடும் இடத்திலிருந்து வண்டி தெரியும்படி நிறுத்துங்கள். இரவு தங்கும் இடத்தில் சைக்கிளை அறைக்குள் கொண்டு போக அனுமதி உண்டா என்று அறை பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.